நிழலிலிருந்து உருவம்

புந்தோங்கில் கச்சாங் பூத்தே விற்கும் கடைகளில் முறுக்கும் கடலையும் பயறும் கண்ணாடிப் போத்தல்களில் நிரம்பியிருக்கும். எந்தப் போத்தலில் என்ன இருக்கிறது, எவ்வளவு மீதம் இருக்கிறது என்பதை மூடியைத் திறக்காமலேயே சொல்லிவிடலாம். மனித உடல் அப்படிப்பட்ட கண்ணாடிப் போத்தல் அன்று. ஒருவரின் தொண்டைக்குள் புற்றுநோய்க் கட்டி வளர்ந்தால், அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்த நரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதை வெளியிலிருந்து எவராலும் காண இயலாது. ஆனால், அந்தக் கட்டியைக் கதிர்களைப் பாய்ச்சி அழிக்க வேண்டிய மருத்துவருக்கு அதன் எல்லை மில்லிமீட்டர் அளவில் தெரிந்தாக வேண்டும். எல்லை தவறினால் கட்டியின் ஓரம் தப்பிவிடும். அல்லது கதிர் நல்ல உறுப்பைச் சுட்டுவிடும்.

இன்று அந்த எல்லையைக் காட்டிக் கொடுப்பது சி.டி. ஸ்கேன். வளைய வடிவிலான அந்தக் கருவிக்குள் நோயாளி படுத்திருக்க, ஊடுகதிர்க் குழாய் அவரைச் சுற்றி வருகிறது. அது உடலின் உட்புறத்தை நேரடியாகப் படம்பிடிப்பதில்லை. பல நூறு கோணங்களில் விழும் நிழல்களை அளந்து எண்களாகத் தருகிறது, அவ்வளவுதான். அந்த எண்குவியலை உடலின் குறுக்குவெட்டுப் படமாக மாற்றுவது கணிதம். அக்கணிதத்தின் முதன்மையான ஒரு பகுதியை வகுத்தவர் ஜி. என். இராமச்சந்திரன் என்னும் தமிழர். அவர் மருத்துவர் அல்லர். புற்றுநோய்க்குச் சிகிச்சை அளித்தவரும் அல்லர். வாழ்நாள் முழுவதும் ஊடுகதிர்களைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத பொருள்களின் வடிவத்தைத் தேடிய இயற்பியல் அறிஞர் அவர்.

இராமச்சந்திரனின் குடும்பம் திருநெல்வேலிப் பகுதியிலுள்ள கோபாலசமுத்திரம் என்ற ஊரைச் சேர்ந்தது. அவர் பெயருக்கு முன்னுள்ள முதல் எழுத்து அந்த ஊரையே குறிக்கிறது; அடுத்த எழுத்து தந்தை நாராயண ஐயரைக் குறிக்கிறது. 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், கொச்சியை அடுத்த எர்ணாகுளத்தில் இராமச்சந்திரன் பிறந்தார். தந்தை அங்கிருந்த மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். ஆகவே, வீட்டிலேயே கணிதம் தவழ்ந்தது. பள்ளிப் பாடத்தைத் தாண்டிய கணக்குகளைத் தந்தை மகனுக்குக் கற்பித்தார். பிற்காலத்தில் இராமச்சந்திரன் படிகம், புரதம், ஊடுகதிர்ப் படம் என எத்துறையில் கால் வைத்தாலும், அங்கிருந்த சிக்கலை முதலில் ஒரு கணக்காக மாற்றிவிட்டுத்தான் தீர்க்கத் தொடங்கினார். அந்தப் பழக்கத்தின் வேர் எர்ணாகுளத்து வீட்டில் இருந்தது.

1939ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் சிறப்பு வகுப்பில் சேர்ந்தார். 1942இல் சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வில் முதல் மாணவராகத் தேறினார். அதன்பின் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அங்கே இயற்பியல் துறைக்குத் தலைமை வகித்தவர் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன். இளைஞர் இராமச்சந்திரனின் திறமை இராமனின் கண்ணில் பட்டது. மின்பொறியியல் துறைக்கு இவ்வளவு கூர்மையான மாணவர் தேவையில்லை என்று வேடிக்கையாகச் சொல்லி, அவரைத் தம் துறைக்கே இழுத்துக்கொண்டார் என்று கூறுவர். பொறியாளராக வேண்டியவர் இவ்வாறு இயற்பியலாளர் ஆனார். வைரம் முதலிய படிகங்களின் வழியாக ஒளியும் ஊடுகதிரும் செல்லும்போது என்ன நிகழ்கிறது என்பதே அவருடைய தொடக்கக் கால ஆய்வு.

1947ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். புகழ்பெற்ற கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஊஸ்டர் என்ற அறிஞரின் வழிகாட்டலில் ஆய்வு செய்து, இரண்டே ஆண்டுகளில் முனைவர் பட்டம் பெற்றார். படிகத்தில் பட்டுச் சிதறும் ஊடுகதிர் ஒளிப்படத் தாளில் மங்கிய புள்ளிகளாகப் பதியும். அந்தப் புள்ளிகளின் இடத்தையும் அழுத்தத்தையும் அளந்து, படிகத்துக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கணக்கிட வேண்டும். பார்க்க முடியாததைப் பார்க்காமலேயே அறியும் கலை அது. அவர் அதில் தேர்ந்தார். அமெரிக்க வேதியியல் மேதை லைனஸ் பாலிங்கின் உரைகளைக் கேட்கும் வாய்ப்பும் அங்கே கிட்டியது. உயிர்ப்பொருள்களின் வடிவத்தையும் இவ்வழியில் ஆராயலாம் என்ற எண்ணம் அவர் மனத்தில் ஊன்றியது.

1952ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறையைத் தொடங்கியது. துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் அத்துறைக்குத் தலைமையேற்க இராமனை அழைத்தார். இராமன் தமக்குப் பதிலாக இராமச்சந்திரனைப் பரிந்துரைத்தார். ஏறக்குறைய முப்பது வயதில் ஒருவர் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் அமர்வது அக்காலத்தில் அரிது. முதலியார் அந்த இளைஞரை நம்பினார்; ஆய்வகம் அமைக்கத் தேவையானவற்றைத் தாராளமாகச் செய்து கொடுத்தார்.

எதை ஆராய்வது என்ற கேள்வி எழுந்தபோது, சென்னைக்கு வந்திருந்த பெர்னால் என்ற அறிஞர் கொலாஜன் என்ற புரதத்தைக் குறிப்பிட்டார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தருவது கொலாஜன். அதன் வடிவம் அதுவரை எவருக்கும் தெரியவில்லை. ஆய்வகத்துக்கு அருகிலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது மிகவும் வசதியாகப் போயிற்று. அங்கிருந்து கிடைத்த மாதிரிகளுள் கங்காருவின் வால் தசைநாணும் ஒன்று. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதன் ஊடுகதிர்ப் படங்களை ஆராய்ந்து, 1954ஆம் ஆண்டில் ஒரு விடையை வெளியிட்டனர். மூன்று இழைகள் சேர்ந்த புரிவடிவமே கொலாஜன் என்றனர். அடுத்த ஆண்டில் அதைத் திருத்தி, அவ்விழைகள் பின்னிய சடைபோல ஒன்றையொன்று சுற்றிச் செல்கின்றன என்று காட்டினர். மும்மடிப் புரி என்று அறிவுலகம் அதை அழைக்கிறது.

அந்த விடை எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. கேம்பிரிட்ஜில் இருந்த பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், சென்னை வடிவத்தில் சில அணுக்கள் ஒன்றோடொன்று மிகையாக நெருங்கி நிற்கின்றன என்று குறை கூறினர். இராமச்சந்திரன் சினந்து மறுப்புரை எழுதிக்கொண்டிருக்கவில்லை. உண்மையில் இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் வரை நெருங்கலாம் என்ற அடிப்படைக் கேள்வியைக் கையில் எடுத்தார். அதுவரை தீர்க்கப்பட்ட படிகங்களை எல்லாம் தேடிப் பிடித்து, அவற்றிலுள்ள அணு இடைவெளிகளைத் திரட்டினார். அந்தத் தேடலின் விளைவாக, சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் இணைந்து 1963இல் ஒரு வரைபடத்தை வெளியிட்டார். புரத இழை எந்தெந்தக் கோணங்களில் மடியலாம், எவற்றில் மடிய இயலாது என்பதை அது ஒரே பார்வையில் காட்டும். இராமச்சந்திரன் வரைபடம் என்ற பெயரில் உலகெங்கும் உயிர்வேதியியல் மாணவர்கள் அதைப் பயில்கின்றனர். அவர் பெயரைச் சொன்னால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த வரைபடமே. நோயாளிகளோடு நெருங்கிய தொடர்புடைய அவருடைய மற்றொரு பணியோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அப்பணியின் அருமையை உணர, அக்காலத்தில் புற்றுநோய்க்கான கதிர்ச் சிகிச்சை எப்படி நடந்தது என்று அறிய வேண்டும். இராமச்சந்திரன் சென்னையில் இருந்த ஆண்டுகளில்தான், தம் உடன்பிறந்த சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அங்கே மட்டுமன்றி, உலகின் எந்த மருத்துவமனையிலும் அன்று கட்டியைக் குறிபார்ப்பது கடினமான வேலையாகவே இருந்தது. முன்புறமாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என ஊடுகதிர்ப் படங்கள் எடுப்பர். அவற்றில் எலும்பு வெள்ளையாகத் தெரியும். மென்மையான கட்டி பெரும்பாலும் தெரியாது. எலும்புகளை அடையாளமாகக் கொண்டு, கட்டி இன்ன இடத்தில் இருக்க வேண்டும் என்று மருத்துவர் கணிப்பார். வளையும் ஈயக் கம்பியை நோயாளியின் உடலைச் சுற்றி வளைத்து, அந்த வளைவைத் தாளில் வரைந்து, அதன்மேல் கதிர் பாயும் திசைகளைக் குறிப்பர். தோலின் மேல் மையால் கோடு போடுவர். கணிப்பு பிசகலாம் என்பதால் கட்டியைச் சுற்றிலும் கூடுதலான இடத்துக்குக் கதிர் பாய்ச்சுவர். வாய் உலர்ந்து போதல், உணவை விழுங்க முடியாமை, தோல் புண்ணாதல் எனப் பல துன்பங்களை நோயாளி தாங்க வேண்டியிருந்தது.

இன்னொரு குறையும் இருந்தது. உடலின் உட்புறம் முழுவதும் தண்ணீரைப் போல ஒரே சீரானது என்று வைத்துக்கொண்டே கதிரின் அளவைக் கணக்கிட்டனர். நுரையீரலில் காற்று நிறைந்திருக்கிறது. எலும்பு அடர்த்தி மிக்கது. ஒரே கதிர் இவ்விரண்டிலும் ஒரே அளவு குறைவதில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் ஆலன் கார்மாக் என்ற இயற்பியல் விரிவுரையாளர் 1956ஆம் ஆண்டில் ஒரு மருத்துவமனையில் பகுதி நேரமாகப் பணியாற்றினார். இந்தக் குறை அவரை உறுத்தியது. உடலைப் பல திசைகளிலிருந்து ஊடுகதிரால் அளந்தால் உட்புறத்தின் அடர்த்தியைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிடலாம் என்று கண்டு, 1963இலும் 1964இலும் கட்டுரைகள் எழுதினார். மருத்துவ உலகம் அவற்றைப் பொருட்படுத்தவே இல்லை. வந்த சில கடிதங்களுள் அவர் சுவையானதாகக் கருதிய ஒன்று, சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவை ஆராயும் மையத்திலிருந்து வந்தது!

சென்னையில் முதலியார் 1969இல் ஓய்வு பெற்றார். அதன்பின் இராமச்சந்திரனும் அங்கே நீடிக்கவில்லை. 1970இல் மீண்டும் பெங்களூருக்குச் சென்று, தாம் மாணவராக இருந்த அதே கழகத்தில் மூலக்கூற்று உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். அப்போது அவர் கவனத்தை ஈர்த்தது மின்னணு நுண்ணோக்கிப் படங்கள். நுண்ணுயிரின் தட்டையான படங்களிலிருந்து அதன் முப்பரிமாண வடிவத்தை மீட்க முடியும் என்று 1968இல் டிரோசியர், குளூக் என்ற இருவர் கேம்பிரிட்ஜில் காட்டியிருந்தனர். அதற்கு அவர்கள் கையாண்ட கணக்கு நீண்டது. ஒவ்வொரு நிழலையும் அலைகளின் கூட்டாக மாற்றி, அவற்றைத் தொகுத்து, பிறகு மறுபடியும் உருவமாக மாற்ற வேண்டும். அன்றைய கணினிகளோ மிக மெதுவானவை. இவ்வளவு சுற்று தேவையா என்று இராமச்சந்திரன் எண்ணினார்.

ஒரு நிழலை மட்டும் வைத்துப் பொருளை அறிய முடியாது. ஐம்பது சென் நாணயத்தை விளக்கின் முன் நேராகப் பிடித்தால் நிழல் வட்டமாக விழும். திருப்பிப் பிடித்தால் வெறும் கோடாகிவிடும். ஆகவே பல திசை நிழல்கள் வேண்டும். எத்தனை வேண்டும் என்பதை ஒரு சிறிய கணக்கால் உணரலாம். நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு சதுரத்தில் நான்கு எண்கள் மறைந்துள்ளன என்று கொள்வோம். மேல் வரிசையின் கூட்டுத்தொகை 5, கீழ் வரிசையின் கூட்டுத்தொகை 9. இடப்பக்க நெடுவரிசை 6, வலப்பக்க நெடுவரிசை 8. மேலே 2, 3, கீழே 4, 5 என்று எழுதினால் விடை பொருந்துகிறது. ஆனால் மேலே 1, 4, கீழே 5, 4 என்று எழுதினாலும் பொருந்துகிறது. இரண்டு திசைகள் போதவில்லை. இடப்பக்க மேல் மூலையையும் வலப்பக்கக் கீழ் மூலையையும் சாய்வாகக் கூட்டினால் 7 வரும் என்ற மூன்றாவது செய்தி கிடைத்த பின்னரே முதல் விடைதான் சரி என்று உறுதியாகிறது. ஸ்கேன் படத்தில் கட்டங்கள் நான்கு அல்ல, பல்லாயிரம். அதனால்தான் கருவி நோயாளியைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

கிடைத்த நிழல்களை உருவமாக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு நிழலின் அளவையும் அது வந்த திசையிலேயே பின்னோக்கிப் பரப்பி, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால், பொருள் இருக்கும் இடத்தில் எண்கள் குவிந்து உருவம் தெரியும். ஆனால் அந்த உருவம் ஈரத் தாளில் விழுந்த மைத்துளி போல ஓரங்கள் கலங்கி நிற்கும். கட்டியின் எல்லை தேவைப்படும் இடத்தில் கலங்கிய ஓரத்தால் பயனில்லை.

இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய ஏ. வி. இலட்சுமிநாராயணனும் கண்ட வழி, பரப்புவதற்கு முன்பே நிழலைத் திருத்திவிடுவது. நிழலின் ஒவ்வோர் அளவிலிருந்தும் அதன் அக்கம்பக்கத்து அளவுகளின் சிறு பங்கைக் கழிக்க வேண்டும். எவ்வளவு கழிப்பது என்பதை அவர்கள் வகுத்த விதி வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. இருபுறமும் முதலாவதாக உள்ள அளவிலிருந்து ஒரு பங்கு. இரண்டாவதிலிருந்து ஒன்றும் இல்லை. மூன்றாவதிலிருந்து அந்தப் பங்கில் ஒன்பதில் ஒன்று. நான்காவதிலிருந்து ஒன்றும் இல்லை. ஐந்தாவதிலிருந்து இருபத்தைந்தில் ஒன்று. இப்படியே இரட்டை எண்களை விட்டுவிட்டு ஒற்றை எண்களின் வழியே பங்கு தேய்ந்துகொண்டு போகும். இவ்வாறு திருத்திய நிழல்களைப் பரப்பிக் கூட்டினால், ஓரத்துக் கலக்கங்கள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன; உருவம் தெளிவாக நிற்கிறது. அலைகளாக மாற்றித் திரும்பக் கொண்டுவரும் வேலை தேவையில்லை. எல்லா நிழல்களும் வந்து சேரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை; ஒரு நிழல் வந்தவுடனேயே அதைத் திருத்திப் பரப்பத் தொடங்கலாம். கணினிக்கு நேரம் மிச்சம், விடையும் துல்லியம்.

1971ஆம் ஆண்டில் இம்முறையை அவர்கள் வெளியிட்டனர். ஒரு கட்டுரை அமெரிக்க அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது. இந்திய இதழில் வந்த மற்றொன்றுக்கு, நிழலிலிருந்து பொருளை மீட்டமைப்பது என்ற கருத்தில் தலைப்பிடப்பட்டிருந்தது. ஒப்பிட்டால், இத்தலைப்பே அழகானது.

அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள், இலண்டனில் உள்ள ஒரு மருத்துவமனையில், மூளையில் கட்டி இருப்பதாக ஐயுறப்பட்ட ஒரு பெண்ணுக்கு உலகின் முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. கட்டி படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அக்கருவியை உருவாக்கியவர் காட்ஃபிரி ஹவுன்ஸ்பீல்டு என்ற ஆங்கிலப் பொறியாளர். அவருடைய முதல் சோதனைக் கருவி ஒரு மாதிரியை அளந்து முடிக்க ஒன்பது நாள் எடுத்துக்கொண்டது. கணினிக்கு அதற்குமேல் இரண்டரை மணி நேரம். அவர் கையாண்ட கணக்கு முறை வேறு. மேற்கண்ட நான்கு கட்டப் புதிரைத் திரும்பத் திரும்ப ஊகித்துத் திருத்துவது போன்றது அது. கருவிகள் வேகம் பெற்றபோது விரைவான கணக்கும் தேவைப்பட்டது. 1974இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஷெப், லோகன் இருவரும் பெங்களூர் முறையைச் சற்று மாற்றியமைத்துப் பயன்படுத்தி, அது தரும் படம் மேலானது என்று காட்டினர். அதன்பின் பல ஆண்டுகளுக்கு ஸ்கேன் கருவிகளின் கணக்கு இவ்வழியிலேயே நடந்தது. அந்தத் திருத்த விதிக்கு இருவர் பெயரின் தொடக்கத்தையும் சேர்த்து ராம்-லாக் வடிகட்டி என்று பெயர் வந்தது.

1979ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு ஹவுன்ஸ்பீல்டுக்கும் கார்மாக்குக்கும் வழங்கப்பட்டது. இராமச்சந்திரனுக்கு அப்பரிசு கிட்டவில்லை. அவருக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று வருந்துவோர் உண்டு. ஆனால் நிழல்களிலிருந்து உருவத்தை மீட்கலாம் என்ற தேற்றத்தை ஆஸ்திரியக் கணித அறிஞர் ராடான் 1917ஆம் ஆண்டிலேயே நிறுவியிருந்தார். வானொலி அலைகளால் விண்ணை ஆராய்ந்த பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967இல் இதே போன்ற வழியைக் கண்டிருந்தனர். இராமச்சந்திரன் கருவி எதையும் கட்டவில்லை. பலர் வெவ்வேறு நாடுகளில், ஒருவரையொருவர் அறியாமல், ஒரே மலையின் வெவ்வேறு பக்கங்களில் ஏறிக்கொண்டிருந்தனர். கணினி எளிதில் செய்யக்கூடிய குறுகிய பாதையை ஊடுகதிர்ப் படத்துக்கு வகுத்துத் தந்தது அவருடைய பங்கு. அந்தப் பங்கின் அளவைக் குறைத்துச் சொல்லவும் தேவையில்லை. கூட்டிச் சொல்லவும் தேவையில்லை.

கதிர்ச் சிகிச்சைக்கு அதனால் விளைந்த மாற்றம் பெரிது. புந்தோங்கைச் சேர்ந்த ஒருவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று வைத்துக்கொண்டால், இன்று சிகிச்சை தொடங்கும் முன்பே அவரைச் சி.டி. ஸ்கேன் எடுக்கச் செய்வர். தலை அசையாதிருக்க அவர் முகத்துக்கு ஏற்ற வலைபோன்ற நெகிழிக் கவசம் ஒன்றைச் செய்து அணிவிப்பர். வரும் படங்கள் உடலின் மெல்லிய குறுக்குவெட்டுகள். மருத்துவர் அவற்றில் ஒவ்வொன்றாகக் கட்டியின் எல்லையை வரைவார். பின்புறமுள்ள தண்டுவடம், இருபுறமும் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள் முதலிய காக்க வேண்டிய உறுப்புகளையும் தனித்தனியே வரைவார். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000, எலும்புக்குப் பல நூறு என்று ஹவுன்ஸ்பீல்டின் பெயரால் அமைந்த அளவுகோல் உண்டு. அவ்வெண்களைக் கொண்டு கணினி, கதிர் எந்த இடத்தில் எவ்வளவு குறையும் என்று கணக்கிடுகிறது. உடல் முழுவதும் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளும் பழைய வழக்கம் இதனால் ஒழிந்தது. கதிர்கள் பல திசைகளிலிருந்து பாய்ந்து கட்டியில் ஒன்றுகூடும்படியும், தண்டுவடத்துக்குத் தாங்கும் அளவைத் தாண்டாதபடியும் திட்டம் வகுக்கப்படுகிறது.

திட்டம் வகுத்ததோடு வேலை முடிவதில்லை. தொண்டைப் புற்றுநோய்க்கான சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள் என ஆறு, ஏழு வாரங்கள் நீளும். இடையில் நோயாளி மெலியலாம், கட்டி சுருங்கலாம், மேசையில் படுக்கும்போது கழுத்து சற்றுத் திரும்பியிருக்கலாம். முதல் நாள் எடுத்த படத்தை நம்பிக் கடைசி நாள் வரை கதிர் பாய்ச்சுவது ஆபத்து. ஆகவே, சிகிச்சைக் கருவியிலேயே சிறு ஊடுகதிர்க் குழாய் ஒன்றைப் பொருத்தியுள்ளனர். அது நோயாளியை ஒருமுறை சுற்றி வந்து, கூம்பு வடிவில் விழும் நிழல்களைத் திரட்டுகிறது. அன்றைய படத்தைக் கணினி மீட்டமைத்து, திட்டப் படத்தின் மேல் பொருத்திப் பார்க்கிறது. மூன்று மில்லிமீட்டர் விலகல் என்றால் மேசை மூன்று மில்லிமீட்டர் நகர்த்தப்படுகிறது. அதன் பின்னரே கதிர் பாய்கிறது. இந்தக் கூம்பு நிழல்களுக்கான கணக்கை 1984இல் வகுத்தவர்கள் ஃபோர்டு கார் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மூவர். நிழலைத் திருத்திப் பின் பரப்புதல் என்ற வழியைத்தான் அவர்களும் பின்பற்றினர்.

ராம்-லாக் விதிக்கும் குறை உண்டு. ஓரங்களைக் கூர்மையாக்கும்போது, அளவீட்டில் உள்ள சிறு பிழைகளையும் சேர்த்தே அது பெரிதாக்கிவிடும். படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தோன்றும். அதனால் நடைமுறையில் அதைச் சற்று மென்மையாக்கியே கையாள்கின்றனர். கணினிகள் பன்மடங்கு வலிமை பெற்றுவிட்ட இக்காலத்தில், ஹவுன்ஸ்பீல்டின் ஊகித்துத் திருத்தும் முறை புதிய வடிவில் திரும்பி வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவும் இப்பணியில் இறங்கியுள்ளது. ஆயினும் மருத்துவ இயற்பியல் பயிலும் மாணவர்கள் படத்தை மீட்டமைக்கக் கற்கும்போது ராம்-லாக் விதியையும் கற்கின்றனர்.

இராமச்சந்திரன் 1977இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஊடுகதிர்ப் படம் பற்றிய ஆய்வை அவர் மேலும் நெடுந்தூரம் தொடரவில்லை. ஒரு கதவைத் திறந்து காட்டிவிட்டு அடுத்த அறைக்குச் செல்லும் இயல்பு அவருக்கு இருந்தது. பிற்காலத்தில் மெய்யியலில் ஈடுபட்டு, இந்தியத் தருக்கவியலைக் கணித முறையில் விளக்க முயன்றார். உடல்நலமும் மனநலமும் அவரை அடிக்கடி சோதித்தன. நடுக்குவாத நோயும் பக்கவாதமும் அவரை முடக்கின. 1945ஆம் ஆண்டில் மணந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் துணை நின்ற மனைவி இராஜலட்சுமி 1998இல் மறைந்தார். அதன்பின் இராமச்சந்திரன் மிகவும் தளர்ந்து போனார். 1999ஆம் ஆண்டில் படிகவியல் துறையின் உயரிய விருதாகிய எவால்டு பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், தம் 78ஆம் வயதில், சென்னையில் அவர் காலமானார்.